வயிற்றுக்கும் சுவர் உண்டு

டுலூத்தில் ஜனவரி.
துறைமுகம் உறைந்து
தாதுக்கப்பல்கள் கட்டிக் கிடக்கின்றன.
சலவைக்கடைக்கு மேல்மாடியில் வெண்டலின் அறை.
கீழே உலர்த்தும் எந்திரங்கள் சுற்றச் சுற்ற
மேசைமேல் பகடைகள்
உருட்டும் முன்பே நடுங்குகின்றன.

மற்ற நாட்களில்
பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறேன்.
வியாழன் இரவு மட்டும் ஒற்றைக்கண் திருடன்.
என்னிடம் ஒரு கோல் உண்டு.
பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் நிற்கும்,
யானை கட்டி இழுத்தாலும் அசையாது.
கோட்டைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகலாம்,
பாதாளத்தின் மேல் கயிறு கட்டலாம்
என்கிறது விதிநூல்.
நான் அதில் ஈரக் காலுறை காயப்போட்டேன்.
பதினோரு நாள் சதுப்பில் நடந்துவிட்டுச் சொல்லுங்கள்
எது மந்திரமென்று.

மாய் யெர் கணக்கியல் படிக்கிறாள்.
அவளிடம் வற்றாத குடம்.
வாளெடுத்து ஒருவரையும் வெட்டியதில்லை.
குள்ளர் கோட்டையின் முந்நூறு படிகளிலும்
முன்னிரவில் நீரூற்றிவிட்டு
போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.
விடியலில் படை
வழுக்கிக்கொண்டே வந்து சரணடைந்தது.
உப்பு தூவாத படிக்கட்டின் அருமை
இந்த ஊர்க்காரிக்குச் சொல்லித் தர வேண்டாம்.

ரெய்னோ கப்பலில் சமையற்காரன்.
போன மார்ச்சில் பனி உடைந்து அவன் கிளம்பியபோது
அவனுடைய குள்ளனைக் கொல்ல வெண்டலுக்கு மனம் வரவில்லை.
ஒரு டிராகனை வரவழைத்து விழுங்க வைத்தான்.
கையிலிருந்த கரண்டியோடு, முழுசாக.
எந்தப் பானையில் விட்டாலும்
கஞ்சி நிரப்பும் கரண்டி அது.
நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்த பொருள்.
குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினான்:
மெல்லவில்லை.

பத்து மாதம் கழித்து இன்று வந்திருக்கிறான்.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
எல்லோர் சிப்ஸையும் தின்கிறான்.
“செத்தவனுக்குப் பசிக்காதா?”

டிராகன் குகையில் தூங்குகிறது.
வெண்டல் மூன்று வாரம் உட்கார்ந்து
வண்ணப் பென்சிலில் வரைந்த குகை.
எரிமலைப் பிளவு, எலும்புக் குவியல்,
நாங்கள் சாவதற்கு வசதியான ஏழு இடங்கள்.

ஆர்டித் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு வருடமாகப் பையில் கிடந்த
பித்தளைக் கதவுக்குமிழை அப்போதுதான் நினைத்தாள்.
“எந்தச் சுவரில் ஒட்டினாலும் கதவு வரும்?”
“எந்தச் சுவரிலும்.”
“கல், மண் என்றில்லை?”
“சுவராக இருந்தால் போதும்.”
சாறு வழிந்த விரலைத் துடைத்தாள்.
அறுவை அரங்கில் இருபது வருடம் நின்ற தாதி.
“வயிற்றுக்கும் சுவர் உண்டு, வெண்டல்.
தினமும் பார்க்கிறேன்.”

வெண்டல் விதிநூலைத் திறந்தான்.
மூடினான்.
கீழே எந்திரமொன்று சுற்றி முடித்து
மணியடித்தது.
“பதினைந்தோ மேலோ” என்றான், சற்றுக் கம்மிய குரலில்.
ஆர்டித் பகடையை ரெய்னோவிடம் தள்ளினாள்.
“உன் வீடு. நீயே உருட்டு.”

பதினாறு.

செதில்களுக்கு நடுவே
சத்தமில்லாமல் ஒரு கதவு.
டிராகன் விழிக்கவில்லை.
“இத்தனை நாள் உள்ளே என்ன செய்தாய்?”
கேட்டது நான்தான்.
ரெய்னோ யோசிக்கவே இல்லை.
“சமைத்தேன்.
அடுப்பு இலவசம். கரண்டி கையில்.
இவள் பத்து மாதமாக ஒரு ஊரையாவது எரித்தாளா?
கேட்டுப் பார்.”

வெண்டல் குறிப்பேட்டைப் புரட்டினான்,
மார்ச்சிலிருந்து, ஒவ்வொரு வியாழனாக.
எரிந்த ஊர் ஒன்றுமில்லை.
எழுத மறந்திருக்கலாம்.
வயிறு நிறைந்தும் இருக்கலாம்.
எங்களில் யாரும்
ஏன் இப்படித் தூங்குகிறது என்று கேட்டதில்லை.

உருவிய வாளை என்ன செய்வதென்று தெரியாமல்
வாசலில் நிற்கிறோம்.
“குளிர் வருகிறது” என்கிறான் ரெய்னோ,
“உள்ளே வாருங்கள்.
பூட்ஸைக் கழற்றிவிட்டு.”

மூன்று வார வரைபடத்தைத்
திருப்பிப் போடுகிறான் வெண்டல்.
வெற்றுப் பக்கம்.
வட்டமாக ஒரு கோடு இழுத்து, நிறுத்தி,
“உட்கார எவ்வளவு இடம் இருக்கும்?” என்று
விழுங்கப்பட்டவனையே கேட்கிறான்.